வன்தாளமும் மென்பண்ணும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மின்னணு இசைத்தொகுப்பைப் பற்றி என்றேன். சற்று நேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. பின்னர், "ஐயா, சங்க இலக்கியத்தில் இசைக் குறிப்புகள் என்று போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லாமல் இந்த உரையைத் தொடங்க இயலாது.

விழா மலருக்காக நம் வட்டத்தின் பழைய கூட்டப் பதிவேடுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நான்காண்டுகளுக்கு முந்தைய ஒரு கூட்டத்தின் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. உறுப்பினர் ஒருவர் தாம் கேட்ட இசைத்தொகுப்பு ஒன்றை அறிமுகம் செய்யத் தொடங்கினார். நேரமின்மையால் அது நிறுத்தப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. அன்று அவைத்தலைமை ஏற்றிருந்தவன் நான். நேரம் வேண்டிய அளவு இருந்தது. அந்த இளைஞர் கையடக்கமான ஒலிபெருக்கி ஒன்றைக் கொண்டுவந்து ஓர் இசைத்துண்டை ஒலிக்கச் செய்தார். இரண்டாம் நிமிடத்தில் நான் மணியை அடித்தேன். "தம்பி, இது பட்டறைச் சத்தம். இங்கே இசைக்கு இடம் உண்டு, இரைச்சலுக்கு இல்லை" என்று சொன்னேன். அவையும் சிரித்தது. அவர், "சரிங்க ஐயா" என்று சொல்லி, ஒலிபெருக்கியின் கம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டு அமர்ந்தார். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவர் வரவில்லை. நாமும் தேடவில்லை.

அந்தத் தொகுப்பின் பெயர் பதிவேட்டில் இருந்தது. 'ரிச்சர்டு டி. ஜேம்ஸ் ஆல்பம்'. அதைத் தேடிப் பெற்றுக் கேட்டேன். ஒருமுறை அன்று, இந்த ஆறு மாதங்களில் எத்தனை முறை என்று கணக்கு வைக்கவில்லை. நான் என் காதுகளால் கேட்டதையும், கேட்டபின் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே வைக்கிறேன். இசை இலக்கணம் முறையாகக் கற்றவன் அல்லன் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

இதை ஆக்கியவர் ரிச்சர்டு டேவிட் ஜேம்ஸ். 1971இல் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்து, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வாலில் வளர்ந்தவர். ஏஃபெக்ஸ் ட்வின் என்பது அவர் சூட்டிக்கொண்ட பெயர்களுள் பெரிதும் அறியப்பட்டது. இளமையிலேயே மின்னிசைக் கருவிகளைப் பிரித்து மாற்றிக் கட்டுவதில் நாட்டம் கொண்டவர். 1992இல் வெளிவந்த அவருடைய முதல் பெருந்தொகுப்பும், 1994இல் வந்த அதன் இரண்டாம் பகுதியும் அமைதியான சூழலிசையாக அறியப்பட்டவை. இரண்டாம் பகுதியில் தாளமே இல்லாத நெடும் பகுதிகள் பல உண்டு. ஆகவே, 1996 நவம்பரில் ஷெஃபீல்டைச் சேர்ந்த வார்ப் நிறுவனம் இத்தொகுப்பை வெளியிட்டபோது, அவரைத் தொடர்ந்து கேட்டுவந்தவர்களுக்கே இது வியப்பாக இருந்திருக்க வேண்டும். பத்து உருப்படிகள், மொத்தம் முப்பத்து மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

முதல் உருப்படியின் பெயர் வெறும் எண், 'நான்கு'. தொடங்கும்போது நரம்பிசைக் கருவிகளின் சாயலில் ஒரு பண் மெல்ல எழுகிறது. தாலாட்டுப் போன்ற, எளிதில் பாடிவிடக்கூடிய பண். அதன் கீழே, அதைக் கிழித்துப் போடுவதுபோல ஒரு தாளம் ஓடுகிறது. ஓடுகிறது என்பதுகூடச் சரியன்று. இடறுகிறது, உதறுகிறது, திடீரென்று சிதறிப் பொடியாகிறது, மறுகணம் ஒன்றும் நடவாததுபோல நடைக்குத் திரும்புகிறது. மேலே உள்ள பண்ணோ பதறுவதே இல்லை. தாளத்தின் காலத்திற்குப் பாதிக் காலத்தில், தன் போக்கில் நடக்கிறது. முதல்முறை கேட்பவருக்குத் தாளம் மட்டுமே காதில் விழும். எனக்கும் அன்று அவ்வாறே விழுந்தது. நான்காம் ஐந்தாம் முறை கேட்கும்போதுதான், நான் பட்டறை என்று சொன்ன இடத்தின் நடுவே ஒருவர் அமைதியாக அமர்ந்து பாடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை. அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் வின்ஸ்டன்ஸ் என்னும் குழு 1969இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கத்துப் பாட்டு பெரும்புகழ் பெற்றது. பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்று குரலில்லாத ஓர் இசை. அதன் நடுவே மற்றக் கருவிகள் அனைத்தும் ஓய, முரசு மட்டும் நான்கு சுற்று தனியே ஒலிக்கும். ஏழு நொடிகூட முழுதாக இராது. வாசித்தவர் கிரகரி கோல்மன் என்பவர். எண்பதுகளில் ஒலியைத் துண்டாக எடுத்துச் சேமிக்கும் பொறிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, அந்த ஏழு நொடி உலகெங்கும் சென்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் 'ஜங்கிள்' என்று ஓர் இசைவகையே அந்த ஏழு நொடியை விரைவாக்கி, வெட்டி, அடுக்கி, மாற்றி எழுந்தது. ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளில் அது ஒலித்தது. கோல்மனுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அவர் 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் இங்கிலாந்தின் இசையன்பர்கள் சிலர் நிதி திரட்டி, அக்குழுவின் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு இருபத்து நான்காயிரம் பவுண்டு அளித்தனர். அப்போது முரசு வாசித்தவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்திர இசை என்று நாம் ஒதுக்கும் ஒன்றின் அடியில் ஒரு மனிதரின் மணிக்கட்டு இருக்கிறது என்பதற்காகத்தான். ஜேம்ஸ் இந்த வெட்டி அடுக்கும் கலையை ஜங்கிள் இசைஞர்களிடமிருந்து பெற்றார். பெற்றதைக் கணிப்பொறியில் வைத்து, எந்த மனிதக் கையாலும் வாசிக்க முடியாத நுண்மைக்குக் கொண்டுசென்றார். அவரும், ஸ்குவேர்புஷர் என்னும் பெயரில் இயங்கிய டாம் ஜென்கின்சனும், லூக் வைபர்ட்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதைச் செய்தார்கள். மற்ற இருவருடைய ஆக்கங்களையும் சிறிது கேட்டேன். ஜென்கின்சனின் திறமை வியப்பூட்டுகிறது. ஆனால் நெஞ்சில் தங்குவது எனக்கு ஜேம்ஸ்தான்.

அந்த நுண்மையில் ஒரு வியப்பு இருக்கிறது. ஒரு முரசின் அடியை நொடிக்கு நான்கு முறை கேட்டால் அது தாளம். எட்டு, பத்து முறை கேட்டால் உருட்டு. நொடிக்கு ஏறத்தாழ இருபது முறையைக் கடந்துவிட்டால் காது தனித்தனி அடிகளைப் பிரித்தறிய மறுத்துவிடுகிறது. அவை ஒன்றாகக் கலந்து ஒரு சுரமாகிவிடுகின்றன. இன்னும் விரைவாக்கினால் சுரம் மேலே ஏறுகிறது. இத்தொகுப்பில் தாளம் சிதறுவதாக நான் சொன்ன இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுவே. அடி உருட்டாகி, உருட்டு ரீங்காரமாகி, ரீங்காரம் ஒரு கணம் பண்ணின் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மீண்டும் அடியாக உதிர்கிறது. தாளம் வேறு, பண் வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இரண்டும் ஒரே பொருளின் இரு வேகங்கள் என்பதை அவர் சொல்லிக் காட்டவில்லை, செய்து காட்டுகிறார்.

இந்த உண்மையை முதலில் கண்டவர் ஜேம்ஸ் அல்லர். செர்மானிய இசைமேதை கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் ஐம்பதுகளிலேயே இதைப் பற்றி எழுதினார். 1960இல் முடிவுற்ற 'கொன்டாக்டே' என்னும் தம் ஆக்கத்தில், ஒரு சுரம் இறங்கி இறங்கித் தனித்தனித் தட்டல்களாக உதிர்வதைக் கேட்கச் செய்தார். இங்கே ஒரு சுவையான நிகழ்ச்சி. 1995இல் பிபிசியின் ரேடியோ 3 வானொலி, இளைய மின்னணு இசைஞர் சிலரின் ஆக்கங்களை முதியவரான ஸ்டாக்ஹவுசனுக்குக் கேட்கக் கொடுத்துக் கருத்துக் கேட்டது; அதை இங்கிலாந்தின் 'தி ஒயர்' என்னும் இசை இதழ் வெளியிட்டது. ஏஃபெக்ஸ் ட்வினைக் கேட்ட அவர், இந்தத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளங்களை விட்டுவிட்டு, ஒரு சிறுவனின் குரலை மின்னொலிகளோடு கலந்து தாம் ஆக்கிய 'இளைஞர்களின் பாடல்' என்னும் ஆக்கத்தை இவர் கேட்க வேண்டும் என்றார். அதற்கு ஜேம்ஸ், ஆட முடியாத அருவக் கோலங்களைப் போடுவதை நிறுத்திவிட்டு அவர் என் ஆக்கத்தைக் கேட்கட்டும் என்று மறுமொழி கொடுத்தார். ஸ்டாக்ஹவுசன் குறைந்தது கவனமாகக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொன்னார். மணி அடிக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டு வந்த இந்தத் தொகுப்பின் ஆறாம் உருப்படி, நோஞ்சான் பிள்ளையைக் குணப்படுத்த என்று பொருள்படும் தலைப்புடையது. அதில் குழந்தைக் குரல் போன்ற ஒரு குரல் கை கால் முதலிய உறுப்புகளை மழலையில் எண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அக்குரலையும் தாளத்தைப்போலவே வெட்டி அடுக்கியிருக்கிறார். பெரியவரின் அறிவுரைக்கும் இதற்கும் தொடர்புண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். இருவரும் வாதிட்டுக்கொண்ட அளவுக்கு அவர்களிடையே தொலைவு இல்லை.

அந்நாளில் தாளத்தின் மீது அரசாங்கமும் கண்வைத்திருந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிய மாட்டார்கள். திறந்தவெளிகளில் இளைஞர்கள் இரவெல்லாம் கூடி ஆடுவதைத் தடுக்க, 1994இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. எத்தகைய இசையைத் தடுப்பது என்று வரையறுக்க வேண்டுமே; மீண்டும் மீண்டும் ஒரே மாதிரி வரும் அடிகளால் பெரிதும் அமைந்த ஒலி என்னும் பொருள்பட எழுதினார்கள். சட்டம் எழுதியவர்கள் இசையிலக்கணம் எழுதப் புகுந்தால் இப்படித்தான். அதே வார்ப் நிறுவனத்தைச் சேர்ந்த ஆட்டெக்கர் என்னும் இருவர் குழு, சட்டம் நிறைவேறுமுன் ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டது. அதில் ஓர் உருப்படியை, எந்தச் சுற்றும் மற்றொரு சுற்றைப்போல் இராதவாறு அமைத்தார்கள். உறையின் மேல் ஓர் அறிவிப்பு: இந்த உருப்படி சட்டத்திற்கு உட்பட்டதே, எனினும், இதை ஒலிக்கச் செய்பவர் காவல்துறையினர் வந்தால் தெளிவுபடுத்த ஒரு வழக்கறிஞரையும் ஓர் இசையறிஞரையும் உடன் வைத்துக்கொள்வது நலம்! விற்றுவந்த பணத்தை மனித உரிமை அமைப்புக்குக் கொடுத்தார்கள். தாளத்தை ஒரே மாதிரி நிற்கவிடாமல் உடைப்பது வெறும் வித்தையாக மட்டும் இருக்கவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

இனி, நம் போன்ற மொழியன்பர்களின் மனத்தைத் தொடும் ஒரு செய்தி. இத்தொகுப்பின் தலைப்புகளைப் பாருங்கள். 'கார்ன் மார்த்', 'கூன் கம்பஸ்', 'லோகன் ராக் விட்ச்'. கார்ன் மார்த் என்பது ஜேம்ஸ் வளர்ந்த ஊரின் அருகே உள்ள குன்று. கூன் கம்பஸ் அதே வட்டாரத்தில் உள்ள ஓர் இடம். கார்னிய மொழியில் சமதளமான மேட்டுவெளி என்று பொருள். கார்னிய மொழி வெல்ஷ், பிரெத்தோன் மொழிகளுக்கு உடன்பிறந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் என்று மரபாகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் என்னும் மீன்காரப் பெண்மணி 1777இல் இறந்தார். பின்பு ஹென்றி ஜென்னர் 1904இல் கார்னிய மொழிக் கையேடு ஒன்றை வெளியிட, மொழிக்கு மீண்டும் உயிரூட்டும் முயற்சி தொடங்கியது. யுனெஸ்கோ தன் பட்டியலில் 2009இல் அதை அழிந்த மொழி என்று எழுதி, பேசுவோர் எதிர்த்தபின் 2010இல் அழிவின் விளிம்பில் உள்ள மொழி என்று திருத்தியது. மேட்டுக்கும் பாறைக்கும் பெயராக மட்டும் எஞ்சியிருந்த சொற்களை இந்த இசைஞர் தம் உருப்படிகளுக்குச் சூட்டினார். 2001இல் அவர் வெளியிட்ட அடுத்த பெருந்தொகுப்பில் கார்னிய மொழித் தலைப்புகளே நிறைய. அவர் மொழிப் பற்றாளர் என்று முழங்கியதாகத் தெரியவில்லை; பெயரை வைத்துவிட்டு வாளாவிருந்தார்.

'கூன் கம்பஸ்' உருப்படியில் முரசே இல்லை. நரம்பைச் சுண்டுவது போன்ற ஒலிகளும் மெல்லிய இழைகளும் மட்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றின் இரைச்சலால்தான் அதன் அமைதி அவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது. தனியே எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ வாழ்த்து அட்டைபோல.

கடைசி உருப்படியில் வரும் லோகன் பாறைக்கு ஒரு வரலாறு உண்டு. கடலோரக் குன்றின் உச்சியில் எண்பது டன் எடையுள்ளதாகச் சொல்லப்படும் ஒரு பெரும்பாறை, கைபட்டால் ஆடும்படி சமனாக நின்றுகொண்டிருந்தது. எந்த நெம்புகோலாலும் அதைக் கீழே தள்ள முடியாது என்று பழைய நூலொன்று சொல்லியிருந்தது. 1824இல் ஹியூ கோல்ட்ஸ்மித் என்னும் கடற்படை அதிகாரி - நாம் கல்லூரியில் படித்த கவிஞர் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் உறவினர் - தம் மாலுமிகளோடு சென்று நெம்பித் தள்ளிவிட்டார். ஊரார் கொதித்தெழுந்தனர். கடற்படைத் தலைமை, தள்ளியவரே தூக்கி வைக்கவேண்டும் என்றது. பல மாதம் பாடுபட்டுக் கப்பிகளும் சங்கிலிகளும் கட்டி அதே ஆண்டு நவம்பரில் பாறையை ஏற்றி வைத்தார். ஆனால் முன்போல் அது எளிதில் ஆடவில்லை என்கிறார்கள். இக்கதையைப் படித்தபின் என்னால் சில நாள் அந்த உருப்படியைக் கேட்க முடியவில்லை. தள்ளுவதற்கு எனக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

எல்லாமே எனக்குப் பிடித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மூன்றாவதும் எட்டாவதுமாக வரும் உருப்படிகளில் எந்திர ஒலிகளின் விளையாட்டைத் தவிர வேறொன்றும் எனக்குக் கேட்கவில்லை. அமெரிக்கப் பதிப்பில் கூடுதலாகச் சேர்த்தவற்றுள் பால்காரரைப் பற்றிய பாட்டு சிறுபிள்ளைத்தனமானது. உறையிலே பல்லை இளித்துக்கொண்டு நிற்கும் அவருடைய முகம் எனக்கு இன்றும் உவப்பாயில்லை.

ஆனால் அந்த முகத்துக்கு எதிரே வைத்துப் பார்க்கவேண்டிய மற்றோர் உறை உண்டு. இத்தொகுப்பில் ஒன்பதாவதாக வரும் 'கேர்ல் பாய் சாங்' அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சிறு தொகுப்பாகத் தனியே வெளிவந்தது. அதன் உறையில் ஒரு கல்லறையின் படம். அதில் பொறித்துள்ள பெயர் ரிச்சர்டு ஜேம்ஸ். அது அவருடைய அண்ணனுடையது. 1968இல் இறந்தே பிறந்த குழந்தை. மூன்றாண்டு கழித்துப் பிறந்த இவருக்குப் பெற்றோர் அதே பெயரை வைத்தார்கள். ட்வின், இரட்டையர் என்று அவர் தம்மை அழைத்துக்கொண்டதற்கு அந்த அண்ணனே காரணம் என்பாரும் உண்டு. தம் பெயரையே தலைப்பாகவும் தம் முகத்தையே உறையாகவும் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிடுவதற்கு மூன்று மாதம் முன்பு, அதே பெயர் பொறித்த கல்லை அவர் உலகுக்குக் காட்டினார். இதை விளக்கி அவர் எங்கும் உருகியதாக நான் படித்ததில்லை. படித்தபின் எனக்கோ, அந்தப் பெயரில் யாருடைய இசையைக் கேட்கிறோம் என்னும் கேள்வி நீங்கவில்லை. கீழே ஒருவர் வெறிகொண்டு ஓடுகிறார். மேலே ஒருவர், ஓட வாய்க்காதவர், அசையாமல் பாடுகிறார். இப்படிக் கேட்பது என் கற்பனையாக இருக்கலாம். ஆயினும் அப்படிக் கேட்கத் தொடங்கியபின் வேறு விதமாகக் கேட்க எனக்கு வரவில்லை.

அந்த ஒன்பதாம் உருப்படிதான் அன்று இங்கே ஒலித்தது என்று எண்ணுகிறேன். சுண்டும் நரம்புகளும் மணிகளும் சேர்ந்து ஒரு சிற்றரங்க இசைபோலத் தொடங்கும். பிறகு முரசு வந்து நுழையும். நான் மணியை அடித்தது அதன் பின்னர்தான். நாகசுரத்தின் பக்கத்தில் தவிலை உட்கார வைத்து வளர்ந்த ஒரு மண்ணிலிருந்து வந்தவன், மென்மையும் வன்மையும் ஓரிடத்தில் இருக்கலாகாது என்று எப்படித் தீர்ப்புச் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். காதுக்கு வயதாகிவிட்டது என்பது முழு விடையன்று. அவையில் சிரிப்பொலி எழுமென்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் விடை.

வருகைப் பதிவேட்டில் அவர் எழுதிய தொலைபேசி எண் இப்போது புழக்கத்தில் இல்லை. முகவரிக்கு விழா அழைப்பிதழும் ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறேன். கடைசி வரிசை வரை பார்த்தேன். என் கண்ணாடிக்கு அங்கே முகங்கள் தெளிவாகத் தெரியவில்லை.

செயலாளரிடம் ஒரு வேண்டுகோள். நான்காண்டுக்கு முந்தைய அந்தப் பதிவில் நேரமின்மையால் என்ற சொல்லை அடித்துவிட்டு, அவைத்தலைவரால் என்று எழுதி என் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஐந்து நிமிடம் எஞ்சியிருக்கிறது. அந்த உருப்படிக்கு ஐந்து நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஒலிபெருக்கியை நண்பர்கள் சரிசெய்து வைத்துள்ளார்கள். மேசை மணியை நான் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஒலிக்கச் செய்யுங்கள்.